ஒரு பிரிவு கீழே

லேத் பட்டறைத் தெருவில் மத்தியானம் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும்போது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு யார் பேசினாலும் கத்துவது போலவே கேட்கும். ஆட்கள் வெளியே வந்து, மரத்தூளை அள்ளிக் கையில் தேய்த்து எண்ணெய்க் கறையை எடுத்துவிட்டு, குழாயடியில் கழுவிக்கொண்டு, தெருக்கோடி மெஸ்ஸுக்குப் போவார்கள். தகரக் கூரை போட்ட நீள அறை அது. இரண்டு பக்கமும் பெஞ்சுகள். சுவரில் மாட்டிய மின்விசிறி தலையை ஆட்டுமே தவிரக் காற்று கொடுக்காது. சோறு, பருப்பு, ஏதாவது ஒரு காய், முட்டை. சில நாள் கோழிக்கறி. ராத்திரி ஷிப்டுக்கு ரொட்டி.

அடுப்பில் நிற்பது மெஸ்காரம்மா. மாவு பிசைவதும், வருகிறவர்களுக்கு வாய்க்கு வாய் பதில் சொல்வதும் அவளுடைய நாத்தனார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பரிமாறுவது மகள். மெஸ்காரம்மாவின் கணவர் எதிர்ப் பட்டறையில் லேத் ஓட்டினார். அவரும் மற்றவர்களோடு வரிசையில் நின்று தட்டு வாங்கித்தான் சாப்பிடுவார்.

"வீட்டுக்காரருக்குத் தனிக் கவனிப்பு ஒண்ணும் கிடையாதா?" என்று யாராவது கேட்டால் நாத்தனார், "ஏன் இல்ல, பாத்திரம் கழுவ விடறோமே" என்பாள்.

மகளைத் தெருவில் எல்லோரும் கிரேன் என்று கூப்பிட்டார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் ஒருநாள் தெருமுனையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போக, அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தாள். அன்றிலிருந்து அந்தப் பெயர். குட்டையான உருவம், அகலமான தோள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். வீட்டில் மட்டும் பாப்பா. பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர்தான் அவளை எடை தூக்க வைத்தது. தூக்குவதற்கான முதல் இரும்புப் பாரை அவள் அப்பா ஒரு பழைய ஷாஃப்டைக் கடைந்து செய்து கொடுத்தார். சமையற்கட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த சாய்ப்பைக் காலி செய்து, தரையில் பழைய டயர்களை வெட்டிப் பரப்பி, அங்கேதான் காலையில் தூக்குவாள். பார் கீழே விழுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்துகொண்டார்கள். ஆரம்பத்தில் சண்டைக்கு வந்தார்கள். அவள் பதக்கம் வாங்க ஆரம்பித்ததும், சத்தம் கேட்காத நாளில் உடம்பு சரியில்லையா என்று வந்து விசாரித்தார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் டீச்சர் குடையோடு வந்தார். மெஸ்ஸில் ஆள் இல்லை. நாத்தனார் தட்டு வைத்தாள். டீச்சர் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"காலேஜ்ல ஒரு ஸ்காலர்ஷிப் சீட்டு வருதும்மா. பஸ்ஸுல அரைநாள் தூரம். ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. படிச்சு முடிக்கிற வரைக்கும்."

"வெயிட் தூக்கறவங்களுக்கா?" என்றாள் நாத்தனார்.

"அவங்களுக்குன்னேதான்."

"அப்ப இவளுக்குன்னு எழுதி வச்சிருக்காங்கன்னு சொல்லுங்க."

டீச்சர் பருப்பை ஊற்றிப் பிசைந்தார். "அதுல ஒரு சிக்கல். தூக்கறவங்கள ஒரே கும்பலா நிக்க விட மாட்டாங்க. உடம்பு எடைய வச்சுப் பிரிச்சிடுவாங்க. இவ பிரிவுல அங்க ஏற்கெனவே நல்லா தூக்கற பொண்ணு ஒருத்தி இருக்கா. இப்ப காலியாகறது அதுக்கு ஒரு பிரிவு கீழ."

"கீழன்னா?"

"இவ எளைக்கணும். அஞ்சு கிலோ. தேர்வுக்கு ரெண்டு மாசம் இருக்கு."

நாத்தனார் மாவுக் கையோடு சுற்றிலும் பார்த்தாள். "சோத்துக் கடையில உக்காந்துக்கிட்டு எளைக்கறதா? நல்லா இருக்கே கதை."

மகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "டீச்சர், எளைச்சா தூக்க முடியுமா?"

"கொஞ்சம் குறையும். அந்தப் பிரிவுல மத்தவங்க தூக்கறது இன்னும் கம்மிதானே. மெதுவா எளைச்சாப் போதும், அவசரப்படக் கூடாது."

மெஸ்காரம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். கரண்டியை எடுத்து வைத்துவிட்டு, "எளைப்பா" என்றாள்.

அன்று கணவர் வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். "வளர்ற பொண்ணு. பட்டினி போடறதா?"

"யாரு பட்டினி போடறா? அளவாப் போடறேன்." மெஸ்காரம்மா முழங்கைவரை சுட்ட தழும்புகள் இருந்த கையை நீட்டி, துவைத்த துணிகளை மடித்தாள். "இந்த வயசுல நான் வந்து அடுப்பு முன்னாடி நின்னேன். இன்னும் நகரல. பள்ளிக்கூடம் முடிஞ்சா அவளும் இங்கதான் வந்து நிப்பா. வேற எங்க நிப்பா, சொல்லுங்க. உங்க பட்டறையில சேத்துக்குவாங்களா?"

அவர் மடித்த துணிகளை எடுத்து அடுக்கினார்.

மறுநாளிலிருந்து மகளுக்குத் தனிச் சட்டி வந்தது. முட்டையில் வெள்ளை மட்டும், ஆவியில் வெந்த காய், தோல் உரித்த கோழி ஒரு துண்டு, ஒரு பிடி சோறு. பிறகு அந்தப் பிடி சோறும் நின்றது. ரொட்டி வைக்கிற அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் மெஸ்காரம்மா. மகள் எடுத்துவிடுவாள் என்பதற்காக இல்லை. நாத்தனார் எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பட்டறையைத் திறந்து, பழைய இரும்பு நிறுக்கிற மெஷினில் ஒட்டியிருந்த சுருள்களைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டு, மகளை ஏறி நிற்கச் சொல்வார். முதல் வாரங்களில் எடை மளமளவென்று இறங்கியது. அப்பாவுக்கே உற்சாகம் வந்துவிட்டது. பக்கத்து மெஷின்காரரிடம், "என் பொண்ணு எடை போடறதுக்கு இரும்பு மெஷின்தான் சரியா வருது" என்று சொல்லிச் சிரித்தார்.

மத்தியானங்களில் அவள் பரிமாறினாள். தட்டுத் தட்டாகச் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்துப் பருப்பை ஊற்றினாள். முகத்தைத் தட்டைவிட்டு அப்பால் வைத்துக்கொண்டு ஊற்றப் பழகிக்கொண்டாள்.

"மெஸ்காரம்மா, கிரேனுக்கு டீசல் போடறதே இல்லியா?" என்றார் ஒரு வெல்டர். "சட்டை காத்துல ஆடுது."

"உனக்குப் போட்டதுக்கு நீ என்னத்த தூக்கிட்ட? குனிஞ்சு சாப்பிடு" என்றாள் நாத்தனார்.

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. மகளும் சிரித்தாள். பிறகு சமையற்கட்டுக்குள் வந்து, அண்டாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். நாத்தனார் அதைப் பார்த்தாள். தம்பி மனைவியிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரியும். சாயங்காலம் கல்லில் இருந்து எடுத்த ரொட்டி ஒன்றை முந்தானையில் மறைத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போனாள்.

"சுடச்சுட இருக்கு. பாதிதான். உங்கம்மா முன்னாடி இருக்கா."

மகள் பாரின் மேல் உட்கார்ந்திருந்தாள். "வேணாம் அத்தை."

"ஒரு வாய்."

"வேணாம். கொஞ்ச நேரம் இங்கயே வச்சிரு. வாசனை பாத்துக்கறேன். அப்புறம் எடுத்துட்டுப் போயிடு."

நாத்தனார் ரொட்டியோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு அவள் யாரிடமும் வாய் கொடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டியபோது எடை இறங்குவது நின்றுபோயிற்று. மெஷினின் முள் ஒரே இடத்தில் நின்றது. இன்னும் ஒரு கிலோ குறைய வேண்டும், கொஞ்சம் கூடவே இருக்கலாம். அப்பா முள்ளைத் தட்டிப் பார்த்தார். அம்மா சட்டியில் இருந்த கோழித் துண்டை எடுத்துவிட்டாள். யாரோ சொன்னதைக் கேட்டு, மகள் பிளாஸ்டிக் தாளை உடம்பில் சுற்றிக்கொண்டு, மேலே ஸ்வெட்டர் போட்டு, உச்சி வெயிலில் தெருவை ஓடி ஓடிச் சுற்றினாள். தெருவில் யாரும் அப்போது கிரேன் என்று கூப்பிடவில்லை.

பாரும் கனத்தது. அதற்கு முன்னால் சிரித்துக்கொண்டே தூக்கிய எடை இப்போது மார்புவரை வந்து நின்றுவிட்டது. ஒருநாள் காலை தலைக்கு மேல் போன பார் முன்பக்கமாகச் சரிய, அவள் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. எழுந்து பாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த சத்தம் வருமென்று பக்கத்து வீட்டில் காத்திருந்தார்கள். அன்று வரவில்லை.

துணி காயப்போடும்போது ஒரு விஷயம் மெஸ்காரம்மாவுக்கு உறைத்தது. மகளிடம் போனாள்.

"உனக்கு இந்த மாசம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்ப?"

"வந்துச்சும்மா. விடேன்."

அவள் பொய் சொல்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் அதை அப்படியே விட்டார்கள். அம்மா நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள்.

"டீச்சர்கிட்ட சொல்ல வேணாமா?"

"சொன்னா நிறுத்தச் சொல்லிடுவாங்க அண்ணி. இன்னும் கொஞ்ச நாள்தானே. தேர்வு முடிஞ்சதும் சரியாயிடும்."

"இத யாருக்குச் சொல்ற? எனக்கா, உனக்கா?"

மெஸ்காரம்மா அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டினாள். "ரெண்டு பேருக்கும்தான்."

தேர்வு நாள் அதிகாலையில் மகளும் அம்மாவும் டீச்சரும் பஸ் ஏறினார்கள். ஸ்டாண்டுவரை வந்த அப்பா, ஜன்னலுக்கு வெளியே நின்று என்னமோ சொல்ல வாயெடுத்து, "பாத்துப் போங்க" என்று முடித்துக்கொண்டார். நாத்தனார் ஒரு பெரிய டப்பா கட்டிக் கொடுத்திருந்தாள். சோறு, கோழி, ரெண்டு முட்டை. "தூக்கி முடிச்சதும் பிரிக்கணும். அதுக்கு முன்னாடி பிரிச்சீங்கன்னா என்கிட்ட பேச வராதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள். மகள் முதல் நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பஸ்ஸில் கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்து வந்தாள். உதடு வெடித்திருந்தது.

காலேஜ் ஸ்டேடியத்துக்குக் கீழே நீளமான ஒரு கூடம். சுவர் முழுக்கக் கண்ணாடி, தரையில் மரப்பலகை மேடைகள். ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். எடை பார்க்கிற அறையிலிருந்து மகள் வெளியே வந்தாள். டீச்சர் முகத்தைப் பார்த்தே மெஸ்காரம்மாவுக்குப் புரிந்தது.

"கொஞ்சூண்டு கூட இருக்கு" என்றார் டீச்சர். "ஒரு டம்ளர் தண்ணி அளவு. ஒரு மணி நேரம் டைம் குடுத்திருக்காங்க."

மகள் பையிலிருந்து பிளாஸ்டிக் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்க் கயிறு குதிக்க ஆரம்பித்தாள். முதலில் கயிறு தரையில் படுகிற சத்தம் ஒரே சீராக வந்தது. பிறகு காலில் சிக்கிச் சிக்கி நின்றது. வேர்வை வரவில்லை, வருவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. அவள் கயிற்றைப் போட்டுவிட்டுச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு காகிதக் கப் இருந்தது. நாக்கைப் புரட்டிப் புரட்டி, வாயில் எச்சில் ஊறவைத்து, அந்தக் கப்பில் துப்பினாள்.

மெஸ்காரம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "என்ன பண்ற?"

"எச்சிலும் எடைதாம்மா. சில பேர் இப்படித்தான் குறைப்பாங்களாம்."

கப்பின் அடியில் நுரையாக ஏதோ ஒட்டியிருந்தது. மெஸ்காரம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, கப்பை அவள் கையிலிருந்து எடுத்து, நசுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"குடி."

"அம்மா, இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

"குடி பாப்பா."

"குடிச்சா போச்சும்மா. எல்லாம் போச்சு."

"போகட்டும்."

மகள் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். "அலமாரியப் பூட்டினது யாரு? என் சட்டிலேருந்து துண்டு துண்டா எடுத்தது யாரு? ரெண்டு மாசமா நீதானே காவல் நின்ன. இப்ப வந்து போகட்டும்ங்கற."

"ஆமா. நான்தான். நான்தான் எல்லாம் பண்ணேன்." மெஸ்காரம்மா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "வர்றவன் போறவன் வயித்தெல்லாம் பாத்துப் பாத்துப் போட்டேன். உன் வயித்தப் பாக்கல. இதுக்கு மேல என்னால முடியாது. இந்த சீட்டு எனக்கு வேணாம்."

"எனக்கு வேணும்."

"தெரியும்."

டீச்சர் தூரத்தில் நின்றார். பக்கத்தில் வரவில்லை. மகள் பாட்டிலை வாங்கினாள். உடனே குடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்; கண்ணீர் சரியாக வரவில்லை. அப்புறம் குடித்தாள். நிறுத்தாமல், பாட்டிலின் வயிறு உள்ளே ஒட்டிக்கொள்கிற வரை குடித்தாள். மெஸ்காரம்மா டப்பாவைப் பிரித்தாள். வராந்தாவில் மற்றப் பெண்கள் அங்குமிங்கும் போய்க்கொண்டிருக்க, மகள் சோற்றை உருட்டி உருட்டிச் சாப்பிட்டாள். இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டு வேகமாக நகர்ந்தார்கள்.

காலேஜ் கோச் ஒரு பெண்மணி. கிராப் வெட்டிய தலை நரைத்திருந்தது. "எடை தப்பினா அந்த சீட்டுக்குக் கணக்கில்ல" என்றார். "தூக்கிப் பாக்கறதுன்னா பாக்கலாம். வந்தது வந்துட்டீங்க."

மகள் மேடை ஏறினாள். மழைக்காலத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டிருந்த எடையைக் கேட்டாள். மார்புவரை வந்தது, அதற்கு மேல் போகவில்லை. குறைத்துக் கேட்டாள். அதைத் தூக்கி, கீழே விடாமல் நின்றாள். இறக்கியதும் கோச்சைத்தான் பார்த்தாள்.

கோச் மெஸ்காரம்மாவிடம் வந்தார். "இவ எப்பவும் இந்த எடைதானா?"

"இல்லம்மா. அஞ்சு கிலோ கூட இருப்பா. எளைக்க வச்சோம்."

"அப்ப எவ்வளவு தூக்குவா?"

டீச்சர் சொன்னார். கோச் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு எளைக்கச் சொன்னது?"

"நீங்கதாம்மா" என்றாள் மெஸ்காரம்மா. "கீழ் பிரிவுலதான் எடம்னு சொன்னீங்க."

"அந்தப் பிரிவுல ஒரு பொண்ணு இருந்தா அனுப்புங்கன்னு சொன்னேன். ஒரு பொண்ண அறுத்துச் சின்னதாக்கி அனுப்புங்கன்னு சொல்லல."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு."

மேடையில் அடுத்த பெண் கையில் வெள்ளைப் பொடியைத் தடவிக்கொண்டிருந்தாள். கழுத்து நீண்ட, ஒல்லியான பெண். முதல் முயற்சியிலேயே சுத்தமாகத் தூக்கினாள். சீட்டு அவளுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"நல்லாத்தான் தூக்குது அந்தப் பொண்ணு" என்றாள் மெஸ்காரம்மா.

"நல்லாத்தான் தூக்குது" என்றார் கோச். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "இவள ஆறு மாசம் நல்லா சாப்பிட விடுங்க. முதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. வேற எங்கயாவது இவ பிரிவுல எடம் வந்தா போன் பண்றேன். வரும்னு சொல்ல மாட்டேன்."

அவர்கள் வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் முதலில் டப்பாவைத் திறந்து பார்த்தாள். "என்னாச்சு?"

"கிடைக்கல அண்ணி."

"டப்பா காலியாயிருக்கே. அது போதும்."

அப்பா சரி என்றார். மறுநாள் பழைய இரும்பு மெஷின்மேல் இரும்பைத்தான் ஏற்றினார்கள். மகள் அம்மாவிடம் நெடுநாள் சரியாகப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள், பரிமாறினாள். சாய்ப்புப் பக்கமே போகவில்லை. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, சோறுதான் மருந்து என்று அனுப்பினார். பள்ளிக்கூடம் முடிந்தது. கூட்டாளிகள் எங்கெங்கோ சேர்ந்தார்கள். அவள் அடுப்பின் முன்னால் நின்று ரொட்டி சுட்டாள். பக்கத்தில் நின்று மெஸ்காரம்மா வெங்காயம் உரித்தாள்.

ஒருநாள் காலையில் பின்னாலிருந்து பார் விழுகிற சத்தம் கேட்டது. மெஸ்காரம்மா எட்டிப் பார்க்கவில்லை. நாத்தனார்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "விட்ட எடத்துல பிடிச்சிட்டா" என்றாள். அந்தச் சமயத்தில்தான் மாதவிலக்கும் ஒழுங்காக வர ஆரம்பித்தது. இந்தத் தடவை அவளே அம்மாவிடம் வந்து சொன்னாள்.

அடுத்த வருஷம் வெயிலுக்கு முன்னால் கோச் போன் செய்தார். வேறொரு காலேஜ், இன்னும் தூரம். மகள் தன் எடையில் போய், தன் பிரிவில் நின்று, இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவள் வேறு ஊர்க் காலேஜைத் தேர்ந்துகொள்ள, இடம் இவளுக்கு விழுந்தது. டீச்சர் வந்து விவரம் சொன்னார். ஃபீஸ் கட்ட வேண்டாம், அறையும் கொடுப்பார்கள். சாப்பாடு மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாத்தனார் மாவிலிருந்து கையை எடுத்தாள். "என்னது? சாப்பாட்டையா நம்ம தலையில கட்டறாங்க? யாருகிட்ட என்ன கேக்கறோம்னே தெரியல போலிருக்கே."

வெகு நாளுக்கப்புறம் மகள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் போன பிறகு பரிமாற ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் கறியை எண்ணி எண்ணிப் போடுகிறாள் என்று வெல்டர் குறைப்பட்டுக்கொண்டார். அப்பா சாய்ப்பில் இருந்த பாருக்கு எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி வைத்தார்.

முதல் போட்டி முடிந்த அன்று மகள் போன் செய்தாள். மெஸ்ஸில் மத்தியானக் கூட்டம். மெஸ்காரம்மா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"தோத்துட்டேன்மா. கடைசித் தடவ விட்டுட்டேன்."

"சரி. சாப்டியா?"

"சாப்டேன்."

"என்ன சாப்ட?"

மகள் சொல்ல ஆரம்பித்தாள். காலையில் என்ன, தூக்குவதற்கு முன்னால் என்ன, தூக்கியதற்குப் பிறகு கூட்டாளிகளோடு போய் எங்கே என்னென்ன, எது நன்றாக இருந்தது, எது வாயில் வைக்க முடியவில்லை. பெஞ்சிலிருந்து யாரோ தட்டைத் தட்டிக் கூப்பிட்டார்கள். மெஸ்காரம்மா கரண்டியை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்து, கடைசிவரை கேட்டாள்.